ஆறு தடவை கண் சிமிட்டி நின்ற பின்பால் மெஷின்

பின்பால்னு சொன்னதும் நம்ம செட்டுக்கு முதல்ல ஞாபகம் வர்றது விண்டோஸ் எக்ஸ்பி-ல இருந்த 'ஸ்பேஸ் கேடட்' கேம்தான். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல சார் அந்தப் பக்கம் திரும்பினதும் ஓப்பன் பண்ணுவோமே, அதேதான். இன்னைக்கு நாம பேசப்போறது அதோட நிஜ வடிவத்தைப் பத்தி. கண்ணாடி மூடின சாய்வான பலகை, அதுல ஓடுற இரும்புக் குண்டு, பின்னாடி நிமிர்ந்து நிக்கிற ஸ்கோர் பெட்டி. நாப்பது வருஷத்துக்கு முந்தின அப்படி ஒரு மெஷின் திடீர்னு செத்துப்போனா, கோளாறை எங்கேருந்து தேட ஆரம்பிக்கணும்? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

நம்மள்ல பெரும்பாலான பேர் பின்பால் மெஷினைத் தொட்டிருக்கவே மாட்டோம், அப்புறம் எதுக்கு இதுன்னு கேக்கலாம். நான் வேலைல தினமும் பண்றது டீபக்கிங். சாஃப்ட்வேர்ல தப்பு நடந்தா லாக் பாக்குறோம், பழைய வெர்ஷனுக்குப் போறோம், எதையாவது மாத்திட்டு திரும்ப ஓட்டுறோம். பெரிய சேதம் எதுவும் ஆகாது. இந்த மெஷின்ல தப்பா ஒண்ணை மாத்திட்டு ஆன் பண்ணினா புகை வரும். அதனால யோசிச்சுட்டுத்தான் கை வைக்க முடியும். டீபக்கிங்னா என்னன்னு இதைவிடத் தெளிவா சொல்லிக்கொடுக்கிற ஒண்ணை நான் பார்த்ததில்ல.

மெஷினுக்குள்ள என்ன இருக்கு?

1970-கள் வரைக்கும் பின்பால் மெஷின்ல கம்ப்யூட்டரே கிடையாது. ரிலே, மோட்டார், சுத்துற ஸ்கோர் சக்கரம், இவ்வளவுதான். 1977 வாக்குல சிகாகோ கம்பெனிகளான பேலி, வில்லியம்ஸ், காட்லீப் மூணும் மைக்ரோப்ராசஸருக்கு மாறுனாங்க. நான் இன்னைக்கு எடுத்துக்கிற மெஷின் பேலி 1980-ல விட்ட 'ஸெனான்'. நீல வெளிச்சம், உள்ளே தெரியுற பிளாஸ்டிக் குழாய்க்குள்ள ஓடுற குண்டு, பேசுற பெண் குரல். அந்தக் குரல் எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் சூசான் சியானியோடது.

பின்னாடி இருக்கிற பெட்டியைத் திறந்தா தனித்தனி போர்டுகள் தெரியும். முதல்ல எம்.பி.யு. போர்டு, அதுதான் மூளை. அதுல மோட்டோரோலா 6800 சிப் இருக்கு. வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாது. வேலை பாக்குற ரேம் 128 பைட். நீங்க அனுப்புற ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அதைவிடப் பெருசா இருக்கும்! அடுத்தது சாலினாய்டு டிரைவர் போர்டு. இது மூளை சொல்றதைக் கேட்டு காயிலுக்கு கரண்ட் விடும். 5 வோல்ட் சப்ளையைச் சீரா கொடுக்கிற வேலையும் இதோடதுதான். மூணாவது லாம்ப் டிரைவர் போர்டு, பல்புகளுக்கு. இது எல்லாத்துக்கும் சோறு போடுறது ட்ரான்ஸ்ஃபார்மரும் அதோட ரெக்டிஃபையர் போர்டும்.

இந்தச் 'சோறு' ஒரே வகை இல்லங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க. மூளைக்கு 5 வோல்ட். குண்டை உதைக்கிற காயில்களுக்கு சுமார் 43 வோல்ட். ஸ்கோர் காட்டுற ஆரஞ்சு நிற டிஸ்ப்ளேக்கு 170-லேருந்து 190 வோல்ட் வரைக்கும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணின பிறகும் கெபாசிட்டர்ல கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். அதனால முதல் விதி: கனெக்டரைக் கழட்டுறது, பியூஸ் எடுக்கிறது, போர்டு மேல கை வைக்கிறது எதுவா இருந்தாலும், ப்ளக்கைச் சுவத்துலேருந்து பிடுங்கிட்டு, கொஞ்சம் காத்திருந்து, மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான். ஓடுற மெஷின்ல வோல்டேஜ் அளந்தே ஆகணும்னா ஒரு கையால மட்டும் அளங்க. இன்னொரு கை பாக்கெட்டுல இருக்கட்டும்.

ஏழு கண் சிமிட்டல்

எம்.பி.யு. போர்டுல ஒரே ஒரு சின்ன எல்.இ.டி. இருக்கு. மெஷினை ஆன் பண்ணினதும் அது ஒரு நொடி மினுக்கும். சிப் எழுந்திருச்சுடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் தன்னைத்தானே ஒவ்வொண்ணா சோதிச்சு, பாஸ் ஆக ஆக ஒரு தடவை கண் சிமிட்டும்.

ஒண்ணு: ப்ரோக்ராம் இருக்கிற ரோம் சிப்புகள் சரி.
ரெண்டு: 128 பைட் ரேம் சரி.
மூணு: ஸ்கோரையும் செட்டிங்கையும் ஞாபகம் வச்சுக்கிற பேட்டரி ரேம் சரி.
நாலு, அஞ்சு: வெளி உலகத்தோட பேசுற ரெண்டு பி.ஐ.ஏ. சிப்புகளும் சரி.
ஆறு: டிஸ்ப்ளேயைத் தொடர்ந்து புதுப்பிக்கிற 555 டைமர் சரி.
ஏழு: 43 வோல்ட் சப்ளை உயிரோட இருக்கு.

ஏழும் வந்தா கேம் தொடங்கும். நடுவுல நின்னுட்டா, அடுத்த சோதனை ஃபெயில். நாலு சிமிட்டி நின்னா அஞ்சாவதுல சிக்கல். சிமிட்டாம ஒரேயடியா எரிஞ்சுக்கிட்டே இருந்தா, சிப்பே ஓட ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். அப்போ 5 வோல்ட், ரீசெட், க்ளாக், சிப் சொருகியிருக்கிற சாக்கெட், இதெல்லாம் பாக்கணும். ஸ்கிரீன் இல்ல, எரர் மெசேஜ் இல்ல. ஒத்தை பல்பை வச்சு ஒரு முழு லாக் ஃபைலையே சொல்லிட்டாங்க.

இப்போ ஏழாவதைக் கொஞ்சம் கவனிங்க. முதல் ஆறும் போர்டுக்குள்ள இருக்கிற விஷயம். ஏழாவது மட்டும் போர்டுக்கு வெளியேருந்து வர்ற கரண்ட். மூளை எதுக்கு காயிலோட கரண்டைப் போய் சோதிக்கணும்?

பதில் பல்புல இருக்கு. இந்த மெஷின்ல பல்புகளை எரியவைக்கிறது எஸ்.சி.ஆர். அதோட குணம் என்னன்னா, ஒரு தடவை தட்டிவிட்டா அதுல ஓடுற கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்குற வரைக்கும் அணையாது. அமெரிக்காவுல வீட்டுக்கு வர்ற கரண்ட் 60 ஹெர்ட்ஸ். அதை ரெக்டிஃபை பண்ணி, மட்டப்படுத்தாம அப்படியே விட்டா நொடிக்கு 120 தடவை பூஜ்யத்தைத் தொடும். ஒவ்வொரு தடவையும் எரிஞ்சுக்கிட்டிருக்கிற பல்பு எல்லாம் அணையும், மூளை திரும்பத் தட்டிவிடணும். 'இப்போ பூஜ்யம், இப்போ பூஜ்யம்'னு தாளம் போட்டுக் கொடுக்கிறது அந்த 43 வோல்ட் லைன்தான். தாளம் நின்னுட்டா மூளைக்கு எப்போ என்ன பண்றதுன்னு தெரியாது. அதனால ஏழாவது சிமிட்டலுக்காகக் காத்துக்கிட்டு அப்படியே நின்னுடும்.

'மூளை போச்சு, மாத்திடுங்க'

வேலைக்காக நான் சிகாகோ பக்கம் இருந்தப்போ, டீம்ல சீனியர் ஒருத்தர். திருச்சிக்காரர், எல்லாருக்கும் அண்ணா. அவர் வீட்டு பேஸ்மென்ட்ல ஒரு ஸெனான் நின்னுச்சு. பழைய வீட்டுச் சாமான் விற்பனையில ஆசையா வாங்கினது. ஒரு வருஷம் ஓடிட்டு ஒருநாள் அப்படியே நின்னுடுச்சு. வந்து பார்த்த ரிப்பேர்க்காரர், 'எம்.பி.யு. போச்சு, புது போர்டு வாங்குங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். புது போர்டு போட்டாலும் ஓடுமான்னு அண்ணாவுக்கு நம்பிக்கை இல்ல. "தம்பி, பேசாம பார்ட் பார்ட்டா கழட்டி வித்துடலாம்னு இருக்கேன். ஒரு தடவை நீ பாரேன்"னார்.

ஆன் பண்ணினோம். பின்னணி பல்புகள் எரியுது. டிஸ்ப்ளே இருட்டு. எல்.இ.டி. மினுக்கிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆறு வரைக்கும் சிமிட்டிட்டு நின்னுடுச்சு.

அந்த ஆறு சிமிட்டலே பெரிய சாட்சி. ரோம் சரி, ரேம் சரி, பி.ஐ.ஏ. சரின்னு மூளை தன் வாயாலயே சொல்லுது. பாக்கி இருக்கிற ஒரே கேள்வி 43 வோல்ட். ரெக்டிஃபையர் போர்டுல அதை அளக்க டெஸ்ட் பாயின்ட் வச்சிருக்காங்க. மீட்டரை வச்சா பூஜ்யம். அதாவது மூளைக்குச் சோறே போகல. இலை காலியா இருக்கிறப்போ சாப்பிட வந்தவரைக் குறை சொல்லி என்ன பண்றது?

அடுத்து பியூஸ். பார்வைக்கு நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணாடிக்குள்ள கம்பி முழுசா தெரியுது. ஆனா வெளியே எடுத்து மீட்டர்ல பார்த்தா இணைப்பு இல்ல. மூடிக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத இடத்துல அறுந்திருந்துச்சு. பியூஸைக் கண்ணால பாக்காதீங்க. ஹோல்டர்ல வச்சும் அளக்காதீங்க, சர்க்யூட்டோட வேற பாதை வழியா மீட்டர் ஏமாறும். கழட்டி, தனியா வச்சு அளங்க.

சரி, புது பியூஸ் போட்டுட்டா முடிஞ்சுதா? பியூஸ் சும்மா போகாது. அது போனதுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காம புதுசு போடுறது, எக்ஸப்ஷனைப் பிடிச்சு சத்தமில்லாம முழுங்குற கோட் மாதிரி.

அதனால பாதியா வெட்டினோம். கிட் பைசெக்ட் தெரியும்ல, அதே யோசனைதான். ரெக்டிஃபையர்லேருந்து வெளியே போற கனெக்டரைக் கழட்டி வச்சுட்டு, அதே அளவுல புது பியூஸ் போட்டு ஆன் பண்ணினோம். பியூஸ் நிக்குது, 43 வோல்ட் வருது. அப்போ ரெக்டிஃபையர் வரைக்கும் சுத்தம், கோளாறு அதுக்கு அந்தப் பக்கம். ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, கனெக்டரைத் திரும்ப மாட்டினோம். ஒருத்தர் எல்.இ.டி.யைப் பார்த்துக்கிட்டு, இன்னொருத்தர் ஸ்விட்ச் மேலயே கை வச்சுக்கிட்டு மறுபடி ஆன்.

ஏழு சிமிட்டல்! மூளை எழுந்திருச்சுடுச்சு. கூடவே 'டக்'னு ஒரு சத்தம். ஒரு பம்பர் உள்ள இழுத்து, இழுத்தபடியே 'ம்ம்ம்'னு உறும ஆரம்பிச்சுது. உடனே ஆஃப்.

காயில் ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்குது?

ஆன் பண்ணினதுமே காயில் பிடிச்சுக்கிட்டா சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட வேண்டியதில்ல. இந்த மெஷின்ல ஒரு நொடி உதைச்சுட்டு விடுற காயில்களுக்கு மூளை அனுப்புறது நாலு பிட் நம்பர். டிரைவர் போர்டுல ஒரு டீகோடர் சிப் அதைப் பிரிச்சு, ஒரு நேரத்துல ஒரு காயிலை மட்டும்தான் தட்டும். கேமே ஆரம்பிக்காத நேரத்துல ஒரு காயில் தானா விடாம பிடிச்சுக்குதுன்னா, பெரும்பாலும் அதோட டிரைவர் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிட்டு மீட்டரோட டையோடு டெஸ்ட்ல பார்த்தோம். அந்த ஒரு ட்ரான்சிஸ்டர் மட்டும் பக்கத்துல இருக்கிற எல்லாத்துலேருந்தும் மாறி, ரெண்டு பக்கமும் நேரா ஷார்ட் காட்டுச்சு.

ட்ரான்சிஸ்டர் ஏன் ஷார்ட் ஆச்சு? கேள்வி இன்னும் ஒரு படி கீழே போகுது. குண்டு ஓடுற பலகையைத் தூக்கி அந்த பம்பர் காயிலைப் பார்த்தோம். ஒவ்வொரு காயிலோட காலிலும் ஒரு டையோடு சால்டர் பண்ணியிருப்பாங்க. காயில்ல கரண்டை டக்குனு நிறுத்தினா, அதுல சேர்ந்திருந்த காந்த சக்தி பெரிய வோல்டேஜா எகிறும். ஓடுற பஸ்ல பிரேக் போட்டா நின்னுக்கிட்டு இருக்கிறவங்க முன்னாடி தள்ளப்படுற மாதிரி. அந்த எகிறலைச் சுத்திவிட்டு அடக்குறதுதான் டையோடோட வேலை. இந்தக் காயில்ல டையோடோட ஒரு கால் ஒடிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நாப்பது வருஷமா உதைச்சு உதைச்சு அதிர்ந்தா உலோகம் களைச்சுத்தான் போகும்.

இன்னொண்ணும் கிடைச்சுது, உண்மையிலேயே பயப்பட வேண்டியது அதுதான். பலகைக்கு அடியில இந்தக் காயில்களுக்குன்னு தனியா 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ பியூஸ் இருக்கணும். உதைக்கிறப்போ காயில் 1 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும், ஆனா ரொம்பக் குறைஞ்ச நேரம்தான். அதை ஸ்லோ-ப்ளோ பொறுத்துக்கும். காயில் பிடிச்சுக்கிட்டு நின்னா பொறுக்காம அறுந்துடும். அந்த இடத்துல யாரோ பல மடங்கு பெரிய பியூஸைப் போட்டு வச்சிருந்தாங்க. அதனால காவல்காரன் தூங்கிட்டான், காயில் வெந்துடுச்சு. சுத்தியிருந்த காகிதம் கருகி, ரெசிஸ்டன்ஸ் பக்கத்து பம்பர் காயிலைவிட ரொம்ப இறங்கியிருந்துச்சு. ரெசிஸ்டன்ஸ் இறங்கினா கரண்ட் ஏறும். கடைசியில மேலே இருந்த பெரிய பியூஸ் உயிரை விட்டுத்தான் அதை நிறுத்தியிருக்கு. மரப்பெட்டிக்குள்ள, ஆள் இல்லாத பேஸ்மென்ட்ல நடந்தது இது.

இப்போ சங்கிலியை நேரா படிங்க. டையோடு கால் ஒடிஞ்சுது. ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆச்சு. காயில் பிடிச்சுக்கிச்சு. சின்ன பியூஸ் இடத்துல பெருசு இருந்ததால காயில் வெந்துச்சு. மேல இருந்த பியூஸ் போச்சு. 43 வோல்ட் நின்னுச்சு. தாளம் இல்லாம மூளை ஆறோட நின்னுடுச்சு. வெளியேருந்து பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சது கடைசிக் கண்ணி மட்டும்தான்: 'மூளை போச்சு.' புது எம்.பி.யு. வாங்கிப் போட்டிருந்தா அதுவும் ஆறு சிமிட்டிட்டு நின்னிருக்கும்!

மாத்தினது ஒரு டையோடு, ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு காயில், சரியான அளவுல ரெண்டு பியூஸ். டையோடைத் திருப்பி மாட்டிடக் கூடாது. கோடு போட்ட முனை பவர் வர்ற பக்கம் இருக்கணும். மாறினா அதுவே ஷார்ட். புதுசு மாட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துக் காயில்ல எப்படி இருக்குன்னு ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அடிக்கடி வர்ற மத்த வில்லன்கள்

முதல் வில்லன் பேட்டரி. எம்.பி.யு. போர்டு மேலேயே ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் பண்ணியிருக்கும். வயசானா கசியும். கசியுறது காரம், செம்புப் பாதையை அரிச்சுடும். பக்கத்துலயே ரீசெட் சர்க்யூட் இருக்கிறதால முதல் அடி அதுக்குத்தான். மெஷின் நல்லா ஓடினாலும் முதல் வேலையா அந்த பேட்டரியை வெட்டி எடுத்துடுங்க. அரிச்ச இடத்தை வினிகரால துடைச்சு காரத்தை முறிச்சு, தண்ணில கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு நல்லா காயவிடணும். பச்சையாப் பூத்த சாக்கெட்டையும் கனெக்டர் பின்னையும் மாத்தியே ஆகணும், சுரண்டி விட்டா திரும்ப வரும்.

ரெண்டாவது, பெரிய ஃபில்டர் கெபாசிட்டர். டிரைவர் போர்டுல 11,700 மைக்ரோஃபாரட்ல ஒண்ணு நிக்கும். அது காஞ்சுட்டா 5 வோல்ட் ஆட ஆரம்பிக்கும். விளையாடிக்கிட்டு இருக்கும்போதே மெஷின் தானா ரீசெட் ஆகும். டி.சி.ல 5 வோல்ட்னு சரியாக் காட்டினாலும் நம்பிடாதீங்க. மீட்டரை ஏ.சி.க்கு மாத்தி அதே இடத்துல அளந்தா அலை தெரிஞ்சுடும்.

மூணாவது, ஸ்விட்ச் மேட்ரிக்ஸ். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனி வயர் இழுக்காம, 5 வரிசை, 8 நிரைன்னு கட்டம் போட்டு 40 ஸ்விட்சைப் படிக்கிறாங்க. நம்ம கீபோர்டும் இதே டெக்னிக்தான். ஒரு ஸ்விட்சோட டையோடு கெட்டா, குண்டு ஒரு இடத்துல பட, பாயின்ட் வேற இடத்துல ஏறும். காசு போடுற கதவுக்கு உள்ள ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கு. அமுக்க அமுக்க பல்பு, டிஸ்ப்ளே, காயில், சத்தம், ஸ்விட்ச்னு ஒவ்வொண்ணாப் போகும். ஒட்டிக்கிட்டு இருக்கிற ஸ்விட்சோட நம்பரை ஸ்கோர் பெட்டியே காட்டிடும்.

கடைசியா ஃப்ளிப்பர், அதாவது குண்டைத் தட்டுற ரெண்டு கை. இதை கம்ப்யூட்டர் ஓட்டுறதில்ல. கேம் நடக்குதுன்னு ஒரு ரிலே வழியா அனுமதி மட்டும்தான் கொடுக்கும், மத்தபடி நீங்க அமுக்குற பட்டன் வழியா நேரா 43 வோல்ட். காயில்ல ரெண்டு சுத்து இருக்கு: உதைக்க ஒண்ணு, பிடிச்சுவைக்க ஒண்ணு. கை முழுசா மேலே வந்ததும் ஒரு சின்ன ஸ்விட்ச் திறந்து, கரண்டைக் குறைச்சு விடும். அந்த ஸ்விட்ச் அழுக்கானா ஃப்ளிப்பர் சோர்ந்து போகும். திறக்காமலே போனா காயில் எரியும். ஃப்ளிப்பர் வீக்கா இருந்தா புது காயில் தேடுறதுக்கு முன்னாடி அந்த ஸ்விட்சைப் பாருங்க.

எடுத்துட்டுப் போக வேண்டியது

பழைய மெஷின் எதுவா இருந்தாலும் வரிசை ஒண்ணுதான்: முதல்ல சோறு, அப்புறம் கனெக்டர், கடைசியிலதான் மூளை. மெஷின் எதுவரைக்கும் 'நான் சரி'ன்னு சொல்லுதுன்னு கேளுங்க, தேட வேண்டிய இடம் பாதியாக் குறையும். பியூஸ் போனா, போன அளவுலயே புதுசு போடுங்க, அதுவும் ஏன் போச்சுன்னு தெரிஞ்ச பிறகு. 'இப்போதைக்கு ஓடட்டும்'னு பெரிய பியூஸ் போடுறவர், தீப்பெட்டியை உள்ள வச்சுட்டுப் போறார்.

அண்ணாவோட ஸெனான் இப்பவும் ஓடுதாம். விக்கிற பேச்சே இல்ல, அவர் பொண்ணுதான் வீட்டு சாம்பியன். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பின்பெட்டியைத் திறந்து ஏழு வரைக்கும் எண்ணிட்டுத்தான் விளையாடவே போவாளாம். நல்ல பழக்கம்.